மேரி பிளெச்சர்: "முதல் பெண் போதகர்" என்று போர்டில் எழுதலாமா?

மகளிர்சங்கம்_செயலர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மகளிர் ஞாயிறுக்கு ஆலய வராண்டாவில் ஒரு போர்டு வைக்கிறோம். ஆரம்பகால மெதடிஸ்ட் பெண்களைப் பற்றியது (மெதடிஸம் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி இங்கிலாந்தில் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம்). நடுவில் மேரி பிளெச்சர். வாட்ஸாப்பில் சுற்றுகிற குறிப்பு இப்படிப் போகிறது: "1771இல் ஜான் வெஸ்லியிடம் குருப்பட்டம் பெற்ற முதல் பெண் போதகர். கணவர் இறந்தபின் மேட்லி சபையின் ஐயராக 30 வருஷம் ஊழியம் செய்தார். உலகின் முதல் ஆர்பனேஜைத் தொடங்கினார்." இதில் எது நிற்கும், எது நிற்காது? போர்டில் 120 வார்த்தைக்குத்தான் இடம்.

பழையரெஜிஸ்டர்

அக்கா, மூன்று வரியிலும் கை வைக்க வேண்டியிருக்கும்.

குருப்பட்டம் கிடையாது. வெஸ்லி எந்தப் பெண்ணையும் குருவாக அபிஷேகம் பண்ணவில்லை. 1771இல் நடந்தது கடிதப் போக்குவரத்து. மேரி (அப்போது கல்யாணம் ஆகவில்லை, மேரி போசன்கெட்) பெண்கள் பேசுவதை ஆதரித்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வெஸ்லி அந்த வருஷம் ஜூன் 13இல் பதில் போட்டார். அந்தப் பதில்தான் "பட்டம்" என்று ஊதிப் பெரிதாகிவிட்டது.

மேட்லிக்கு அவர் ஐயர் இல்லை, ஐயரம்மா (ஐயரின் மனைவி). கணவர் ஜான் பிளெச்சர் 1785 ஆகஸ்ட் 14இல் இறந்தபின் வேறொருவர் விகாராக (சபையின் குருவாக) வந்தார். மேரி அதே பார்சனேஜில் (குருமனையில்) 1815 டிசம்பர் 9 வரை, சாகும் நாள் வரை இருந்தார். அந்த 30 வருஷக் கணக்கு சரி. அவர் என்ன உரிமையில் அங்கே இருந்தார் என்பதுதான் சுவாரசியமான விஷயம்.

முதல் ஆர்பனேஜும் இல்லை. ஜெர்மனியின் ஹாலே ஊரில் பிராங்கே நடத்திய அநாதை இல்லம் 1690களிலேயே தொடங்கியது. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த அதே ஹாலே. வெஸ்லியும் 1738இல் அங்கே போய்ப் பார்த்தவர். மேரி தொடங்கியது 1763இல்.

சங்கீதம்150

தேதிகள் ஒரே இடத்தில் இருக்கட்டும். பிறப்பு 1739, லண்டனுக்குக் கிழக்கே லேட்டன்ஸ்டோன் பக்கம். குடும்பம் பிரான்ஸிலிருந்து வந்த ஹியூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்) வழி, பணக்கார வியாபாரிகள். சிறு பிள்ளையாக இருக்கும்போது வீட்டு வேலைக்காரப் பெண் மூலமாக மெதடிஸ்ட் பேச்சு காதில் விழுந்தது. "தம்பிகளை உன் மார்க்கத்துக்கு இழுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடு" என்று அப்பா கேட்டார். இவர் மறுத்து, 1760 வாக்கில் வீட்டைவிட்டு வெளியேறி லண்டனில் தனியாக ஜாகை பிடித்தார். 1763இல் சாரா ரையனோடு லேட்டன்ஸ்டோனில் இல்லம். 1768இல் யார்க்ஷருக்கு, பிறகு மோர்லி பக்கத்தில் கிராஸ் ஹால் பண்ணை. 1781 நவம்பர் 12இல் பேட்லி ஆலயத்தில் பிளெச்சரோடு கல்யாணம். 1782 ஜனவரியில் ஷ்ராப்ஷரின் மேட்லி.

சாரா ரையன் பெயரை விட்டுவிடாதீர்கள். வீட்டு வேலை செய்து பிழைத்தவர், குழம்பிப்போன மணவாழ்க்கையைக் கடந்து வந்தவர். வெஸ்லி அவரைப் பிரிஸ்டலில் ஹவுஸ்கீப்பராக வைத்ததற்கே பெரிய முணுமுணுப்பு. அப்படிப்பட்டவரைத் தனக்கு மூத்தவராக வைத்துத்தான் ஒரு செல்வந்தர் வீட்டுப் பெண் ஊழியம் தொடங்கினார்.

மகளிர்சங்கம்_செயலர்

நன்றி. ஆனால் பட்டமும் இல்லை, சபையும் இல்லை என்றால் மேரி எந்த அடிப்படையில் பிரசங்கம் செய்தார்? "வெஸ்லி அனுமதித்தார்" என்று ஒரே வரியில் எழுதினால் போதுமா?

பழையரெஜிஸ்டர்

போதாது. வெஸ்லியின் நிலை ஒரே நாளில் வந்தது கிடையாது. பத்து வருஷத்தில் படிப்படியாக நகர்ந்தது, ஒவ்வொரு படியிலும் யாரோ ஒரு பெண் அவரைத் தள்ளியிருக்கிறார்.

முதல் தள்ளு சாரா கிராஸ்பி என்ற மெதடிஸ்ட் வகுப்புத் தலைவியுடையது. 1761 பிப்ரவரி, டெர்பி ஊர். வகுப்புக் கூட்டம் நடத்தப் போகிறார், முப்பது பேர் வருவார்கள் என்று நினைக்கிறார். வந்தது கிட்டத்தட்ட இருநூறு பேர். வகுப்புக் கூட்டம் என்றால் தலைவர் ஒவ்வொருவரிடமும் "இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி?" என்று தனித்தனியாகக் கேட்கவேண்டும். பன்னிரண்டு பேரை வைத்து உண்டான முறை அது. இருநூறு பேரிடம் எப்படிக் கேட்பது? அதனால் கிராஸ்பி ஒரு பாட்டுக் கொடுத்தார், ஜெபித்தார், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொன்னார், பாவத்தை விட்டு ஓடும்படி புத்தி சொன்னார். வெளியே வந்தபின்தான், "இது பிரசங்கம் ஆகிவிட்டதோ?" என்று சந்தேகம் வந்து வெஸ்லிக்கு எழுதினார்.

பிப்ரவரி 14 தேதியிட்ட வெஸ்லியின் பதிலின் சாரம்: நீ எல்லை மீறவில்லை, இதற்குக் குறைவாகச் செய்திருக்கவும் முடியாது. அடுத்த முறை கூட்டத்தாரிடம் நேராகச் சொல்: மெதடிஸ்டுகள் பெண் பிரசங்கிகளை ஏற்பதில்லை, நானும் அப்படி ஒரு பெயரை எடுத்துக்கொள்ளவில்லை, என் இருதயத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். நேரமிருந்தால் ஒரு அதிகாரத்துக்கு வெஸ்லி எழுதிய விளக்கக் குறிப்பையோ, அச்சான பிரசங்கம் ஒன்றையோ வாசித்துக் காட்டலாம், மற்றப் பெண்கள் ஏற்கனவே செய்வதுதான்.

கிணற்றடி

அதற்கடுத்த படி 1769 மார்ச். அதே கிராஸ்பிக்கு எழுதிய கடிதம். அதில் நிமிஷக் கணக்கே இருக்கிறது: தனியாகவும் கூட்டத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஜெபி. ஜெபத்தின் நடுவில் சிறு சிறு புத்திமதிகளைக் கலந்துகொள். வசனம் எடுக்காதே. நாலைந்து நிமிஷத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து பேசாதே. கடைசியில் "அடுத்த ஜெபக்கூட்டம் இந்த இடத்தில், இந்த நேரத்தில்" என்று அறிவித்துவிடு.

நடைமுறையில் பார்த்தால்: பாட்டு, ஐந்து நிமிஷப் பேச்சு, ஜெபம், மறுபடி ஐந்து நிமிஷம், மறுபடி பாட்டு. ஒரு மணி நேரக் கூட்டத்தில் பேச்சு மட்டும் இருபது, இருபத்தைந்து நிமிஷம் தேறும். ஆண் பிரசங்கி தொடர்ச்சியாகப் பேசுவதை இவர் துண்டு துண்டாகப் பேசுகிறார். சட்டப்படி அது "பிரசங்கம்" இல்லை, கேட்கிறவனுக்கோ பெரிய வித்தியாசம் தெரியாது. நம்ம ஊர் காட்டேஜ் ஜெபக்கூட்டங்களில் இன்றைக்கும் இதே ஏற்பாடு ஓடுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

பழையரெஜிஸ்டர்

இதில் உடைந்தது எது என்று பாருங்கள். வசனம் எடுக்காமல் புத்தி சொல்லும்போது பேசுகிறவருக்குத் தன் சொந்த அனுபவம் மட்டுமே கைமுதல். ஒரே ஊருக்கு ஐந்தாவது முறை போகும்போது அது தீர்ந்துவிடும். வேதப்பகுதியை எடுத்து விளக்கினால்தான் வாரா வாரம் ஒரே கூட்டத்தை நடத்த முடியும். 1770களின் தொடக்கத்தில் மேரியும் கிராஸ்பியும் அந்த எல்லையில்தான் நின்றார்கள். யார்க்ஷரில் கூட்டமும் பெருத்தது, எதிர்ப்பும் பெருத்தது. 1771 கடிதம் பிறந்தது அந்த நெருக்கடியில்.

சங்கீதம்150

அந்தக் கடிதம் மனு மாதிரி இருக்காது, வக்கீல் வாதம் மாதிரி இருக்கும். எதிராளி சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். நம் வேதாகம வசனங்களை வைத்தே சொல்கிறேன்.

முதல் ஆட்சேபம் 1 கொரிந்தியர் 14:34, "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்". 1 தீமோத்தேயு 2:12உம் கூடவே வரும். மேரியின் பதில்: அதே கொரிந்தியர் நிருபம் 11:5இல், ஜெபிக்கிற, தீர்க்கதரிசனம் சொல்கிற ஸ்திரீ தலையை மூடிக்கொள்ளவேண்டும் என்று பவுல் ஒழுங்கு வைக்கிறார். வாயே திறக்கக்கூடாது என்றால் திறக்கும்போது எப்படி இருக்கவேண்டும் என்று சொல்வானேன்? ஆகவே தடை, சபை நிர்வாகத்தில் தலையிட்டு அதிகாரம் செலுத்துவதற்குத்தான்.

அடுத்தது அடக்கம். பெண் பொதுவில் பேசுவது நாணத்துக்கு விரோதம் என்ற ஆட்சேபம். இதற்கு அவர் சமாரியா ஸ்திரீ, தெபொராள், உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷருக்குச் சொன்ன மரியாள், மதில்மேல் நின்று யோவாபோடு பேசி ஆபேல் பட்டணத்தைக் காப்பாற்றிய புத்தியுள்ள ஸ்திரீ என்று வரிசையாக நிறுத்துகிறார். கடைசி ஆள் 2 சாமுவேல் 20ஆம் அதிகாரம். சாதாரணமாக யாரும் இழுக்காத ஆள். படைத்தலைவனை நிறுத்திவைத்துப் பேசியவளை நாணமற்றவள் என்று எவனும் சொல்லமுடியாது பாருங்கள்.

கடைசி ஆட்சேபம்: அவர்களெல்லாம் விசேஷ அழைப்புப் பெற்றவர்கள், உனக்கு அப்படி உண்டா? மேரி பின்வாங்கவில்லை. உண்டு என்று நம்பாவிட்டால் இப்படி நடக்கவே மாட்டேன் என்கிறார். எல்லாப் பெண்களும் பேச அழைக்கப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, எல்லா ஆண்களும் மெதடிஸ்ட் பிரசங்கி ஆக அழைக்கப்படாததுபோலவே. ஆனால் சிலருக்கு அழைப்பு உண்டு, அவர்கள் கீழ்ப்படியாவிட்டால் அவர்களுக்கு ஐயோ.

பழையரெஜிஸ்டர்

வெஸ்லி பதிலில் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசிக் கண்ணியைத்தான். உன் வழக்கின் பலம் உனக்கு இருக்கும் அசாதாரண அழைப்பில் இருக்கிறது என்று எழுதினார். நம்முடைய லே பிரசங்கிகள் (குருப்பட்டம் பெறாதவர்கள்) எல்லாருக்கும் அப்படித்தான், இல்லாவிட்டால் அவர்கள் பிரசங்கிப்பதையே நான் ஆதரிக்கமுடியாது. மெதடிஸம் முழுவதுமே அசாதாரணமான ஏற்பாடு என்பது அவர் எண்ணம்.

இந்த வாதம் பெண்களுக்கு ஆதரவாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு கண்ணிவெடி புதைந்திருக்கிறது. பட்டம் பெறாத ஆண் பிரசங்கிக்கும் பெண்ணுக்கும் அன்றைக்கு ஒரே நியாயம்: இரண்டு பேரும் விதிவிலக்கு. அந்த ஆண்கள் பிற்பாடு முறையான ஊழியர்களாக மாறி, விதிக்குள் போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் விதிவிலக்காகவே வெளியே நின்றார்கள். 1803இல் வெடித்தது அதுதான்.

கணக்கப்பிள்ளை

இறையியல் நீங்கள் பேசுங்கள், நான் லேட்டன்ஸ்டோன் இல்லத்தின் நடைமுறைக்கு வருகிறேன். போர்டில் "ஆர்பனேஜ் தொடங்கினார்" என்று மொட்டையாகப் போடாமல் இரண்டு விவரம் சேருங்கள்.

மேரியே எழுதிவைத்த கணக்கு: அங்கிருந்த ஐந்து வருஷத்தில் மொத்தம் 35 பிள்ளைகள், 34 பெரியவர்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் இல்லை. பிள்ளைகள் பலர் வந்த கோலம் மோசம்: உடுதுணி இல்லை, உடம்பெல்லாம் பேன், சிலருக்கு நோய். முதல் வேலை குளிப்பாட்டி, துணி கொடுப்பது. எல்லாருக்கும் ஒரே உடை, கருஊதா நிறப் பருத்தி. மேரி உட்பட. சாப்பாடு ஐந்து கஜ நீள மேசை ஒன்றில் எல்லாரும் சேர்ந்து.

நேர அட்டவணை: மூத்த பிள்ளைகள் 4க்கும் 5க்கும் நடுவில் எழும்பவேண்டும், சின்னதுகள் கொஞ்சம் பிந்தி. 6.30க்குக் குடும்ப ஜெபம். 7 மணிக்கு மூலிகைத் தேநீர் அல்லது பால்கஞ்சி. சின்னதுகள் 8 வரை தோட்டத்தில். 8க்கு மணி அடித்தால் பள்ளிக்கூடம், 12 வரை. 1 மணிக்குச் சாப்பாடு. 2 முதல் 5 வரை மறுபடி பள்ளி. பெரிய பெண்பிள்ளைகளில் நாலைந்து பேரை வாரம் ஒரு முறைவைத்துப் பள்ளியிலிருந்து விலக்கி, சமையல், வீட்டு வேலையில் பழக்கினார்கள். பிற்பாடு வேலைக்காரியாகப் போனாலும் சொந்தக் குடும்பம் நடத்தினாலும் கைவேலை தெரிந்திருக்கட்டும் என்ற திட்டம்.

கிணற்றடி

விளையாட்டு நேரம் எங்கே அண்ணே?

கணக்கப்பிள்ளை

தான் தொடங்கிய கிங்ஸ்வுட் பள்ளியிலேயே வெஸ்லி விளையாட்டு வைக்கவில்லை. இங்கே காலையில் தோட்டம், மதியம் நடை. அதையும் பெரியவர்கள் கூடவே போய்த்தான். இன்றைய குழந்தை நல அதிகாரி வந்தால் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்.

பணத்துக்கு வருகிறேன். மேரிக்குச் சொந்த வருமானம் உண்டு, ஆனால் வீட்டுச் செலவு தொடக்கத்திலிருந்தே அதை மிஞ்சியது. வந்தவர்களில் பலர் நோயாளிகள், கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்கள். கிராஸ் ஹாலில் நிலைமை இன்னும் இறுகியது. பண்ணை வாங்கினால் பாலும் தானியமும் வீட்டிலேயே விளையும், செலவு குறையும் என்பது கணக்கு. கையில் விவசாய அனுபவம் இல்லை. ஆள்கூலி, கட்டிடம், கால்நடை என்று முதலீடு உள்ளே போய்க்கொண்டே இருந்தது, திரும்பவில்லை. பல வருஷம் கடனோடு இழுத்தார். கல்யாணத்தை ஒட்டித்தான் பண்ணையைக் கைமாற்றி, இருந்தவர்களுக்கு ஒரு வழி செய்துவிட்டு மேட்லிக்குப் போகமுடிந்தது.

தோல்விக்குக் காரணம் தாராள மனசு என்று எழுதுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிரந்தர நிதி இல்லை, டிரஸ்ட் இல்லை, இன்ன தகுதி இருந்தால் சேர்ப்போம் என்ற வரம்பு இல்லை. ஒருவர் சொத்தின்மேல் நின்ற இல்லம், அந்த ஒருவர் நகர்ந்ததும் முடிந்தது. மேட்லியில் அவர் இன்னொரு இல்லம் தொடங்காததே அவர் பாடம் படித்ததற்கு அத்தாட்சி. அங்கே தன் உடைக்கு வருஷத்துக்கு ஐந்து பவுண்டுகூடச் செலவழிக்காமல், மிச்சத்தை ஏழைகளுக்கான கணக்கில் நேரடியாகப் போட்டார்.

சங்கீதம்150

லேட்டன்ஸ்டோனில் ரவுடித்தனமும் இருந்தது. ராத்திரி கூட்டம் முடிந்து போகிறவர்கள்மேல் சேறு அடிப்பார்கள், முற்றத்துக்குள் வந்து ஜன்னலில் முகத்தை வைத்து மிருகம்போல ஊளையிடுவார்கள். ஒரு நாள் கூட்டத்தின் நடுவில் தடியோடு நாலு பேர் உள்ளே வந்து நின்றார்கள். மேரி பேச்சை நிறுத்தவில்லை. மெதடிஸ்ட் சொசைட்டியின் விதிகளை வாசித்து விளக்கினார், முடிந்ததும் அவர்களிடமே போய் ஆளுக்கொரு பிரதி நீட்டினார். வாங்கி, தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். இது 120 வார்த்தைக்குள் அடங்குமா தெரியவில்லை, சிறுவர் ஞாயிறு பள்ளிக்காவது சொல்லுங்கள்.

மகளிர்சங்கம்_செயலர்

அடங்க வைக்கிறேன்! சரி, மேட்லி. நம் சேகரங்களில் (பாரிஷ்களில்) ஐயர் இறந்தால் ஐயரம்மா சில மாதத்தில் பார்சனேஜைக் காலி பண்ணவேண்டும். இவர் எப்படி 30 வருஷம்?

பழையரெஜிஸ்டர்

அங்கேயும் காலி பண்ணத்தான் வேண்டும். இவருக்கு மூன்று காரியம் கூடிவந்தது.

முதலாவது, மேட்லிக்கு விகாரை நியமிக்கும் உரிமை ஒரு தனிக் குடும்பத்தின் கையில் இருந்தது, இங்கிலாந்தில் அது சகஜம். அந்தக் குடும்பம் மேரிக்கு மரியாதை வைத்திருந்தது. இரண்டாவது, புதிய விகார் ஹென்றி பர்ட்டன் மேட்லியில் குடியிருக்கவில்லை. அதனால் பார்சனேஜ் மேரிக்கு வாடகைக்குக் கிடைத்தது. மூன்றாவது, அன்றாட ஆராதனைக்கு வரும் உதவிக்குரு யார் என்பதில் இவர் சொல்லுக்கு எடை இருந்தது. மெல்வில் ஹார்ன் அப்படி வந்தவர். பிறகு அவர் 1792இல் சியரா லியோன் போனார். ஒரு விதவை தன் ஊர் உதவிக்குருவைத் தேர்ந்தெடுக்கிறார். எந்த ஏட்டிலும் பதிவாகாத அதிகாரம் அது.

பேசிய இடம் பார்சனேஜை ஒட்டிய களஞ்சியம். தசமபாகத் தானியம் சேர்க்கிற பழைய கட்டிடம். கோல்புரூக்டேல், மேட்லி வுட் என்று சுற்றுவட்டாரத்திலும் கூட்டம் நடத்தினார். உலகின் முதல் இரும்புப் பாலம் 1779இல் எழுந்த பகுதி அது, கூட்டத்துக்கு வருகிறவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பு உலையிலும் வேலை செய்கிறவர்கள்.

நேரத்தை அவர் அமைத்த விதம் கவனிக்கவேண்டியது. ஞாயிறு ஆலய ஆராதனை நேரத்தில் களஞ்சியத்தில் கூட்டமே கிடையாது. ஆராதனைக்கு முன் ஒரு கூட்டம், பிறகு எல்லாருமாக எழுந்து ஆலயத்துக்குப் போவார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் வீடு திரும்பாமல் மதியம் தங்குவார்கள். அவர்களுக்கு 1 மணி வாக்கில் பக்தர் ஒருவரின் சரித்திரத்தை வாசித்து, நடுநடுவே விளக்கம் சொல்வார். இதனால் உதவிக்குருவுக்குப் போட்டியாகவில்லை, அவருடைய ஆலயத்தை நிரப்பிக் கொடுத்தார். மற்ற ஊர்களில் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கன் சபையும் (மேட்லி ஆலயம் சேர்ந்த இங்கிலாந்துத் திருச்சபை) பிரிந்துகொண்டிருந்த காலத்தில், மேட்லியில் அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பிளவு வரவில்லை.

கிணற்றடி

பிரசங்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி உண்டு. அப்போஸ்தலர் 27:29ஐ எடுத்து மேட்லியில் பேசியது: "பாறையிடங்களில் விழுவோமென்று பயந்து, பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டு, பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்". வசனம் எடுக்காதே என்று 1769இல் கிராஸ்பிக்குச் சொன்ன கட்டுப்பாடு எவ்வளவு தூரம் பின்னால் போய்விட்டது பாருங்கள்.

வடமராட்சியான்

ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் எல்லாரும் மேரியைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். காசிருந்த குடும்பம், பெயர்பெற்ற குருவானவரின் மனைவி, நியமன உரிமைக்காரர் கைக்குள்ளே. இந்த மூன்றும் இல்லாத ஒரு பெண் இதே வேலையைச் செய்தால் என்ன நடக்கும் எண்டு பார்த்தால்தான் அவ விட்டுப்போனது எவ்வளவு எண்டு அளக்கலாம்.

பழையரெஜிஸ்டர்

நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. நார்ஃபோக் பக்கத்துச் சாரா மாலெட். செல்வாக்கில்லாத இளம்பெண். 1787இல் மான்செஸ்டர் கான்ஃபரன்ஸில் (மெதடிஸ்ட் பிரசங்கிகளின் வருடாந்தரக் கூட்டம்) வெஸ்லியின் சம்மதத்தோடு அவர் கைக்கு ஒரு எழுத்துச் சீட்டே வந்தது: மெதடிஸ்ட் உபதேசத்தைப் பிரசங்கித்து, ஒழுங்குக்குக் கட்டுப்படும்வரை அவர் நம் இணைப்பில் பிரசங்கியாக இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. மேரியிடம் இப்படி ஒரு சீட்டு கிடையாது. "அனுமதி பெற்ற" என்ற வார்த்தையைப் போர்டில் எங்காவது வைக்கவேண்டும் என்றால் மாலெட் பெயருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

1789 டிசம்பரில் வெஸ்லி மாலெட்டுக்கு எழுதிய ஆலோசனை எந்தப் பிரசங்கிக்கும் பொருந்தும். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் சேர்த்து ஒரு மணிக்கு மேல் போகாதே. கத்தாதே. உன் இயல்பான குரலுக்கு மேல் ஏறாதே. கேட்பவர்களுக்கு அருவருப்பு, உனக்கும் கேடு.

கிணற்றடி

இந்தக் கடைசி வரியை லேமினேட் பண்ணி எங்கள் கன்வென்ஷன் மேடையில் ஒட்டவேண்டும்.

வடமராட்சியான்

சரி. ஆனால் 1803?

பழையரெஜிஸ்டர்

அதற்குத்தான் வருகிறேன். வெஸ்லி 1791 மார்ச்சில் இறந்தார். மாலெட்டின் சீட்டுக்கு உத்தரவாதம் அவர்தான். 1802இல் மேரி பாரிட் என்ற பிரசங்கி ஜக்கரியா டாஃப்ட் என்ற ஊழியரைக் கல்யாணம் செய்து டோவர் சர்க்கிட்டுக்கு (பல சபைகள் சேர்ந்த ஊழியப் பகுதிக்கு) போனார். கணவனும் மனைவியும் சேர்ந்து பிரசங்கித்தார்கள், ஆட்சேபம் கிளம்பியது. மறுவருஷம் மான்செஸ்டர் கான்ஃபரன்ஸ் தீர்மானம் போட்டது: பொதுவாகப் பெண்கள் பிரசங்கிக்கக்கூடாது. காரணம் இரண்டு. நம் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் எதிர்க்கிறார்கள்; போதுமான பிரசங்கிகள் ஏற்கனவே இருக்கிறார்கள். காரணங்களில் வேதவசனம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விதிவிலக்கு விட்டார்கள். அசாதாரண அழைப்பு உண்டு என்று நினைக்கிற பெண், பெண்களுக்கு மட்டும் பேசலாம். சொந்த சர்க்கிட்டில் பேச சூப்பரின்டெண்டெண்டின் (சர்க்கிட்டின் தலைமை ஊழியரின்) சம்மதமும் காலாண்டுக் கூட்டத்தின் சம்மதமும் வேண்டும். வேறு சர்க்கிட்டுக்குப் போக, அந்த ஊர் சூப்பரின்டெண்டெண்டின் எழுத்து அழைப்பு ஒன்று, சொந்த ஊர் சூப்பரின்டெண்டெண்டின் பரிந்துரைச் சீட்டு ஒன்று.

எங்கே மாட்டும் என்றால், மெதடிஸ்ட் ஊழியர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறவர்கள். இன்றைக்கு அனுமதித்தவர் அடுத்த வருஷம் இருக்கமாட்டார், புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து. மேரி டாஃப்ட் இதற்குள்ளும் தாக்குப்பிடித்தார், அழைக்கிற சூப்பரின்டெண்டெண்டுகள் இருந்தார்கள். எல்லாராலும் அது முடியவில்லை.

சங்கீதம்150

மேரி பிளெச்சரை இந்தத் தீர்மானம் தொடாததற்கு என் கணிப்பு: களஞ்சியம் மெதடிஸ்ட் சொத்து இல்லை. பார்சனேஜ் வளாகத்துக் கட்டிடம். கான்ஃபரன்ஸ் பூட்ட நினைத்தாலும் சாவி அவர்கள் கையில் இல்லை. வடமராட்சியார் சொன்ன செல்வாக்கும் உண்மை, ஆனால் செல்வாக்கு அந்தத் தலைமுறையோடு போய்விடும். இங்கே போகவில்லை. மேரிக்குத் துணையாக இருந்த மேரி டூத் என்ற பெண் 1815க்குப் பிறகும் மேட்லியில் அந்தக் கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தினார், 1843இல் தான் இறக்கும்வரை. அந்த அம்மாவுக்குச் சொத்துமில்லை, குருவானவர் கணவரும் இல்லை.

காகிதங்களைக் கட்டிக் காத்ததும் டூத்தான். மேரியின் நாட்குறிப்பைத் தொகுத்து ஹென்றி மூர் 1817இல் வெளியிட்டது ஊரெல்லாம் பரவியது. மூலக் கையெழுத்துகள் பிளெச்சர்–டூத் தொகுப்பு என்ற பெயரில் மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கின்றன.

வடமராட்சியான்

டூத்தின் விஷயம் எனக்குப் புதுசு. அந்தப் புள்ளியை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கட பக்கத்து ஒரு தகவல்: 1814இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிகள் 1803 தீர்மானம் நடைமுறையில் இருந்த சபையால் அனுப்பப்பட்டவர்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் பிரிமிடிவ் மெதடிஸ்ட், பைபிள் கிறிஸ்டியன் எண்டு பிரிந்துபோன சபைகள் பெண்களைச் சம்பளத்துக்கே ஊர் ஊராக அனுப்பின. பிரிமிடிவ் மெதடிஸ்டில் கடைசியாக அப்படிப் பணிசெய்த எலிசபெத் புல்டிட்யூட் 1862இல் ஓய்வுபெற்றா. எங்களுக்கு வந்து சேர்ந்தது வெஸ்லியன் கிளை.

மகளிர்சங்கம்_செயலர்

அப்போ குருப்பட்டம் எப்போது வந்தது? பக்கப் பேனலுக்கு ஒரு வரி தேவை.

பழையரெஜிஸ்டர்

பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபையில் 1974. அமெரிக்க மெதடிஸ்ட் சபையில் முழு உரிமை 1956. தென்னிந்திய வெஸ்லியன் சபைகள் 1947இல் சி.எஸ்.ஐ.க்குள் (தென்னிந்தியத் திருச்சபைக்குள்) வந்துவிட்டன, சி.எஸ்.ஐ.யில் முதல் பெண் குரு எலிசபெத் பால், 1976.

மகளிர்சங்கம்_செயலர்

நடுப் பேனலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"மேரி பிளெச்சர் (1739–1815). 1763இல் சாரா ரையனுடன் லேட்டன்ஸ்டோனில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம். ஐந்து ஆண்டுகளில் 35 பிள்ளைகள், 34 பெரியவர்கள். பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று 1771இல் வேத ஆதாரத்தோடு வெஸ்லிக்கு எழுதினார். அசாதாரண அழைப்பு என்று வெஸ்லி ஏற்றார். கணவர் மறைந்தபின் 30 ஆண்டுகள் மேட்லி ஆலயத்தில் பிரசங்கித்தார். அவருக்குப்பின் மேரி டூத் தொடர்ந்தார்."

கணக்கப்பிள்ளை

"மேட்லி ஆலயத்தில்" என்பதை "மேட்லி பார்சனேஜ் களஞ்சியத்திலும் சுற்று ஊர்களிலும்" என்று மாற்றுங்கள் அக்கா. ஆலயத்துப் பீடம் உதவிக்குருவுடையது. இடம் மிச்சமிருந்தால் ஐந்து கஜ மேசையையும் போட்டுவிடுங்கள். போர்டு அருகே நிற்கிற பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள்.

சங்கீதம்150

கல்லறைப் படம் போடுவதாக இருந்தால், மேட்லி ஆலய வளாகத்தில் கணவரோடு அடக்கம் செய்த கல்லறை வார்ப்பிரும்பினால் ஆனது. வேறு ஏதாவது கல் சிலுவைப் படத்தை நெட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.